நின்றுபோன போக்குவரத்தை மீண்டும் ஓடவைப்பது எப்படி? மீட்புத் திட்டம் முதன்முறை எழுதுபவர்களுக்கு

பேரிடர்த் திட்டக் கோப்புகளில் ஒரு குறை திரும்பத் திரும்பத் தென்படும். புயல் எச்சரிக்கை வந்தால் எந்த நேரத்தில் சேவையை நிறுத்துவது, யாருக்குத் தகவல் சொல்வது, வண்டிகளை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்பதெல்லாம் விரிவாக இருக்கும். மறுபடி எப்படித் தொடங்குவது என்ற இடத்தில் மட்டும் ஒரே வரி: "நிலைமை சீரானதும் சேவை படிப்படியாகத் தொடங்கப்படும்." எந்தப் படி, எதற்குப் பின் எது, யாருடைய கையெழுத்தில், எத்தனை பஸ், எத்தனை லிட்டர் டீசல் என்று அந்த ஒரு வரியை உடைத்து எழுதுவதுதான் மீட்புத் திட்டம்.

இதில் மிக முக்கியமானது திறக்கும் வரிசை. பாதிப்பு நடந்த மறுநாள் எல்லோருடைய சாலையும் அவசரச் சாலைதான். எல்லோரிடமும் நியாயமான காரணம் இருக்கும். அன்று உட்கார்ந்து வரிசையைத் தீர்மானிக்க முயன்றால், யார் உரக்கக் கேட்கிறார்களோ அவர்கள் பக்கமே பொக்லைன் போகும். வரிசையை அமைதியான நாளில் தீர்மானித்து எழுதி வைத்துவிட்டால், அன்று பேச வேண்டியது விதிவிலக்குகளை மட்டும்தான்.

முதல் வேலை: இழப்பு வாரியாக எழுதுங்கள்

வெள்ளத்துக்கு ஒன்று, நிலநடுக்கத்துக்கு ஒன்று, தீவிபத்துக்கு ஒன்று என்று தனித்தனித் திட்டம் எழுதத் தொடங்கினால் கோப்பு தடிக்கும், பயன் குறையும். காரணம் எதுவாக இருந்தாலும் போக்குவரத்துக்கு நேரும் இழப்புகள் சிலதான். பாதை அல்லது பாலம் போய்விட்டது. பணிமனைக்குள் நுழைய முடியவில்லை. மின்சாரம் இல்லை. ஊழியர்களால் வர முடியவில்லை. கணினியும் தொலைத்தொடர்பும் வேலை செய்யவில்லை. இந்த ஐந்தையும் தலைப்புகளாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் கீழும் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இது இல்லாமல் எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்க முடியும்? எவ்வளவு நேரத்துக்குள் இதை மீட்டாக வேண்டும்? அதுவரை இதன் இடத்தில் எது? பதில்கள் மணிக்கணக்கில் இருக்க வேண்டும். "விரைவில்" என்ற சொல் கோப்பில் எங்கே வந்தாலும் அங்கே இன்னும் திட்டம் எழுதப்படவில்லை என்று பொருள்.

இரண்டு இழப்புகள் சேர்ந்து வருவதையும் ஒருமுறையாவது எழுதிப் பாருங்கள். மின்சாரம் போனால் தொலைத்தொடர்புக் கோபுரங்களின் பேட்டரியும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். செல்போனை நம்பி எழுதப்பட்ட திட்டம் அத்தோடு நின்றுவிடும்.

திறக்கும் வரிசை

வரைபடத்தை விரித்து முதலில் இடங்களைக் குறியுங்கள்: மருத்துவமனைகள், குடிநீர் ஏற்று நிலையங்கள், துணை மின்நிலையங்கள், எரிபொருள் கிடங்குகள், தீயணைப்பு நிலையங்கள், தங்கும் முகாம்கள். பிறகு இவற்றை இணைக்கும் மிகக் குறைந்த நீளப் பாதை எது என்று பாருங்கள். இதுவே முதல் 24 மணி நேரத்தின் வலை. இதில் அகலமான சாலை தேவையில்லை. ஆம்புலன்ஸும் லாரியும் நுழைய ஒரு தடம், வண்டிகள் எதிரெதிரே ஒதுங்க இடையிடையே சற்று அகலமான இடம், அவ்வளவு போதும். இடிபாடுகளை அப்புறப்படுத்துவது அடுத்த கட்டம். முதல் கட்டத்தில் ஓரமாக ஒதுக்கினாலே வேலை முடிந்தது.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரையை ஆழிப்பேரலை தாக்கியபின் அங்குள்ள சாலைத்துறை செய்தது இதற்கு நல்ல பாடம். கடலோரச் சாலை சிதைந்திருந்தது. அதை நேராகப் பிடித்துச் சரிசெய்யப் போகாமல், உள்நாட்டில் வடக்கு தெற்காக ஓடும் நெடுஞ்சாலையை முதலில் சரிபார்த்துத் திறந்தார்கள். பிறகு அதிலிருந்து கடற்கரை நோக்கிக் கிழக்கே செல்லும் சாலைகளை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். கடைசியில்தான் கடலோரச் சாலை. சீப்பின் முதுகு முதலில், பற்கள் பிறகு என்பதால் அந்த வேலைக்குச் சீப்புப்பல் நடவடிக்கை என்றே பெயர். அப்படித் திறக்க வேண்டிய கிழக்கு மேற்குப் பாதைகளில் பெரும்பாலானவை சில நாட்களிலேயே திறக்கப்பட்டன. உங்கள் வரைபடத்தில் சீப்பின் முதுகு எது என்று கேளுங்கள். அதிகம் பாதிக்கப்படாத, ஆனால் பாதிக்கப்பட்ட எல்லா இடங்களுக்கும் கிளை பிரியும் பாதையாக அது இருக்க வேண்டும்.

வரிசை எழுதும்போது சிக்க வைக்கும் முடிச்சு ஒன்று உண்டு. தண்ணீரை இறைக்க மின்சாரம் வேண்டும். மின்கம்பியைச் சரிசெய்ய ஆட்கள் போகச் சாலை வேண்டும். சாலையைச் சீர்படுத்தும் இயந்திரத்துக்கு டீசல் வேண்டும். டீசல் பம்பை இயக்க மின்சாரம் வேண்டும். இந்த வளையத்தை எங்காவது ஓரிடத்தில் முன்கூட்டியே அறுத்து வைத்தால்தான் மற்றவை நகரும். மலிவான இடம் டீசல்தான்: சொந்தக் கிடங்கு, கையால் இயக்கும் பம்பு, ஒரு ஜெனரேட்டர்.

திறக்கும் முன் சோதனை

அவசரத்தில் செய்யப்படும் பெரிய தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. வெள்ளம் வடிந்த பாலம் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். வெள்ளத்தின் உச்சத்தில் தூணின் அடியிலிருந்த மண்ணை நீர் அரித்துத் தோண்டியிருக்கும். நீர் வேகம் குறையும்போது மேலிருந்து வரும் தளர்ந்த மணல் அந்தக் குழியை நிரப்பிவிடும். மேலே நின்று பார்த்தால் ஆற்றுப்படுகை பழைய மட்டத்திலேயே தெரியும். ஆனால் அந்தப் புது மணலுக்குத் தூணைத் தாங்கும் வலு கிடையாது. அதனால் ஆழம் அளந்தால் மட்டும் போதாது. கம்பியைக் குத்திப் பார்த்து, தளர்ந்த மண் எவ்வளவு ஆழம் வரை இருக்கிறது என்று அறிய வேண்டும். தூண் செங்குத்தாக இருக்கிறதா, தளத்தின் இணைப்பு இடைவெளிகள் சமமாக இருக்கின்றனவா, தாங்கிகள் இடம் மாறியிருக்கின்றனவா, பாலமும் கரையும் சேரும் இடத்தில் மண் உள்வாங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சோதித்த பாலத்துக்கு மூன்று நிறங்களில் ஒன்று: பச்சை என்றால் எல்லா வண்டிகளும், மஞ்சள் என்றால் எடை வரம்போடும் குறைந்த வேகத்தோடும், சிவப்பு என்றால் யாரும் இல்லை. நிறத்தை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்பதைப் பதவிப் பெயரோடு எழுதுங்கள். அவர் வர முடியாவிட்டால் அடுத்தவர் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சாலையிலும் இதே ஏமாற்றம் காத்திருக்கிறது. தார் மேல்தளம் காய்ந்துவிடும், அடியிலுள்ள மண் ஊறியே இருக்கும். அந்த நிலையில் ஏறும் கனரக வண்டிகள் சில நாட்களிலேயே சாலையைக் குழிகளாக்கிவிடும். அச்சுச் சுமை, அதாவது ஓர் அச்சிலுள்ள சக்கரங்கள் சாலைமேல் இறக்கும் எடை, இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பது சாலைப் பொறியியலில் நெடுங்காலமாகப் புழங்கும் விதி. எனவே இலகு வாகனங்களை முதலில் விடுங்கள். நிவாரணப் பொருட்கள் கனரக லாரிகளில்தானே வரும் என்ற கேள்வி எழும். அதற்கென மேடான, வடிகால் நல்ல ஒரு பாதையை ஒதுக்குங்கள். அந்தப் பாதை கெட்டாலும் பரவாயில்லை என்ற முடிவோடு ஒதுக்குங்கள்.

ரயில் பாதையில் ஆட்கள் நடந்து பார்ப்பதுதான் முதல் சோதனை. ஜல்லி அடித்துச் செல்லப்பட்டுத் தண்டவாளம் அந்தரத்தில் தொங்குகிறதா, கரை சரிந்திருக்கிறதா, வண்டியைத் தடம் மாற்றிவிடும் பாயின்ட் மோட்டார்களுக்குள் நீர் புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பகுதி பகுதியாக மின்சாரம். அதன்பின் பயணிகள் இல்லாத வண்டி, நடக்கும் வேகத்துக்குச் சற்று மேலாக. பிறகுதான் வேகக் கட்டுப்பாட்டோடு பயணிகள் வண்டி. ஒவ்வொரு படிக்கும் தனிக் கையெழுத்து.

கடல்நீர் புகுந்திருந்தால் அது தனிக் கணக்கு. உப்பு உடனே கொல்லாது, மெதுவாக அரிக்கும். 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயலில் நியூயார்க் சுரங்க ரயிலின் ஆற்றடிச் சுரங்கங்களில் கடல்நீர் புகுந்தது. நீரை இறைத்து ஓரளவு சரிசெய்து வண்டிகளை ஓட்டினார்கள். ஆனால் அவற்றில் ஒன்றான மான்டேகு சுரங்கத்தை 2013 ஆகஸ்டில் மறுபடி மூடி, ஓராண்டுக்கு மேல் எடுத்து, உள்ளேயிருந்த கேபிள்களையும் கருவிகளையும் மாற்ற வேண்டியிருந்தது. இதிலிருந்து எடுக்க வேண்டியது இரண்டு. நனைந்த சிக்னல் கருவிகளை நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்தினால் தற்காலிகமாக ஓட்டலாம். அப்படி ஓட்டும் ஒவ்வொரு கருவிக்கும் "மாற்ற வேண்டியது" என்ற பட்டியலில் அன்றே ஓர் இடம் வேண்டும், அதற்கான இரண்டாவது மூடல் காலமும் திட்டத்தில் வேண்டும். முதல் திறப்போடு மீட்பு முடிந்ததாகக் கணக்கை மூடிவிடும் நிர்வாகங்கள் பின்னால் சிக்கிக்கொள்கின்றன.

ரயிலுக்குப் பதில் பஸ்: கணக்குப் போட்டுப் பாருங்கள்

"மாற்றுப் பஸ்கள் இயக்கப்படும்" என்று எழுதுவது எளிது. ஒரு முறை காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தவர் அப்படி எழுதமாட்டார்.

ஒரு ரயிலில் 900 பேர், 10 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 6 ரயில், 5,400 பயணிகள். ஒரு பஸ்ஸில் 60 பேர் என்றால் மணிக்கு 90 ட்ரிப். போய்த் திரும்ப, ஏற்றி இறக்கும் நேரத்தையும் சேர்த்து, 40 நிமிடம் ஆகுமானால் 60 பஸ் தேவை. பழுதுக்கு 10 சதவீதம் சேர்த்தால் 66. ஆனால் ரயில் நின்ற நாளில் சாலையில் கார்கள் கூடும். சுற்று நேரம் 60 நிமிடமானால் அதே 5,400 பேருக்கு 90 பஸ் வேண்டும், பழுதுக்கு ஒதுக்குவது தனி. இந்த 30 பஸ்ஸை எங்கும் தேட வேண்டியதில்லை. சாலையில் ஒரு தடத்தைப் பஸ்ஸுக்கு மட்டும் ஒதுக்கி, சுற்று நேரத்தை 40 நிமிடத்துக்குள் வைத்திருந்தாலே அவை மிச்சம். போக்குவரத்துக் காவலர்களோடு பேசித் தடம் ஒதுக்குவதைப் பஸ் வாடகை ஒப்பந்தத்துக்கும் முன்னால் செய்யச் சொல்வது இதனால்தான்.

அடுத்து ஓட்டுநர்கள். 60 பஸ், நாளுக்கு 16 மணி நேரம் என்றால் 960 பஸ்-மணி. 8 மணி நேரப் பணியில், ஓய்வும் வண்டி மாற்றமும் போக, ஓட்டக் கிடைப்பது ஆறரை மணி நேரம் என்று கொண்டால் 148 ஓட்டுநர்கள். வர முடியாதவர்களுக்காக 15 சதவீதம் சேர்த்தால் 170. பேரிடர்க் காலத்தில் அந்த 15-கூடக் குறைவு, ஓட்டுநரின் வீடும் அதே வெள்ளத்தில்தான் இருக்கிறது.

பலர் மறந்துவிடுவது ஏறும் இடம். ஒரு கதவு வழியாக ஒருவர் ஏற 2 விநாடி என்றால் 60 பேருக்கு 2 நிமிடம். பஸ் உள்ளே வந்து வெளியேற 1 நிமிடம். ஆக ஓர் இடத்தில் மணிக்கு 20 பஸ்தான் நிரம்பும். மணிக்கு 90 ட்ரிப்புக்கு ஐந்து இடங்கள் கட்டாயம், கொஞ்சம் தாராளமாக ஏழு. நிலைய வாசலில் இரண்டு பஸ் நிற்கத்தான் இடம் இருக்கிறது என்றால், 100 பஸ் கொண்டுவந்தாலும் மணிக்கு 40-தான் கிளம்பும். பக்கத்துத் தெருவையோ மைதானத்தையோ முன்பே குறித்து வைக்க வேண்டும். டிக்கெட் சோதனையை வண்டி வாசலில் வைக்காதீர்கள், ஒரு பயணிக்கு 2 விநாடி 5 விநாடியாகிவிடும். முடிந்தால் அந்த நாட்களுக்குக் கட்டணத்தையே விட்டுவிடலாம். சாண்டிக்குப் பின் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்து நகர மையமான மன்ஹாட்டனுக்கு விடப்பட்ட மாற்றுப் பஸ்களுக்கு முதல் நாள் மிக நீண்ட வரிசைகள் நின்றன. பாலங்கள் வழியாக மன்ஹாட்டனுக்குள் வரும் காரில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும் என்ற விதியையும் நகர நிர்வாகம் கொண்டுவந்தது.

எவ்வளவு திட்டமிட்டாலும் நெரிசலான ரயில் தடத்தைப் பஸ்ஸால் முழுதாக ஈடுசெய்ய முடியாது. அதனால் பயணத்தைக் குறைக்கும் வழிகளும் திட்டத்தில் இருக்க வேண்டும்: அலுவலக நேரத்தைப் பிரிப்பது, பள்ளிகளை இரண்டு நாள் தாமதமாகத் திறப்பது, அத்தியாவசிய ஊழியர்களுக்கு முதல் இடம்.

வண்டி எங்கே, ஆள் எங்கே

2022 டிசம்பர் குளிர்காலப் புயலில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் 16,000-க்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. புயல் ஓய்ந்து மற்ற நிறுவனங்கள் தேறிய பின்னும் அது தேறவில்லை. விமானங்கள் இருந்தன, பணியாளர்களும் இருந்தார்கள். யார் எந்த ஊரில் இருக்கிறார், எத்தனை மணி நேரம் பணியாற்றியிருக்கிறார் என்பதைப் பின்தொடர அவர்களுடைய பணி ஒதுக்கீட்டு மென்பொருளால் முடியவில்லை. தொலைபேசியில் ஒவ்வொருவராகத் தேட வேண்டியதாயிற்று. கடைசியில் பல நாட்களுக்குச் சேவையை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, ஆட்களையும் விமானங்களையும் சரியான இடத்தில் சேர்த்து, அதன்பின் முழு அட்டவணையைத் தொடங்கினார்கள்.

ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் இது அப்படியே பொருந்தும். நிறுத்தும்போது வண்டி எங்கே நிற்கிறது என்பதே மறுநாள் காலை எந்தத் தடம் முதலில் ஓடும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே நிறுத்தும் திட்டத்தையும் தொடங்கும் திட்டத்தையும் ஒரே கை எழுத வேண்டும். ஒவ்வொரு பணிமனையிலும் காகிதப் பதிவேடு ஒன்று வையுங்கள்: வண்டி எண், நிற்கும் இடம், எரிபொருள் அளவு, ஓட்டுநர் பெயர், அவர் தங்கும் இடம், கடைசியாக ஓய்வெடுத்த நேரம். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சேவை குலைந்து கிடக்கும்போது, பாதி அட்டவணையை ஒப்பேற்றிக்கொண்டே சரிசெய்ய முயல்வதைவிட, ஒரு நாள் வேண்டுமென்றே வெகுவாகக் குறைத்து எல்லாவற்றையும் இடத்தில் சேர்ப்பது நல்லது. இது கசப்பான முடிவு. யார் எடுக்கலாம் என்பதை முன்பே எழுதினால்தான் எடுக்கப்படும்.

தற்காலிகக் கட்டுமானமும் ஒப்பந்தமும்

இழந்த பாலத்தை அப்படியே திரும்பக் கட்டுவது ஒரே வழி அல்ல. 2023 ஜூன் 11 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் எரிபொருள் லாரி தீப்பிடித்து நெடுஞ்சாலையின் ஒரு பாலம் இடிந்தது. மறுசுழற்சிக் கண்ணாடியிலிருந்து செய்த இலகுவான ஜல்லியால் அந்தப் பள்ளத்தையே நிரப்பி, மேலே ஆறு தடங்கள் போட்டு, 12 நாட்களில் திறந்தார்கள். நிரப்பிய பகுதியில் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்க, நிரந்தரப் பாலத்தைப் பக்கவாட்டில் கட்டினார்கள். பாம்பனில் 1964 புயலில் அடித்துச் செல்லப்பட்ட ரயில் பாலத்தை 46 நாட்களில் மீட்க முடிந்ததற்கு, கடலில் விழுந்த கர்டர்களை, அதாவது பாலத்தின் இரும்பு உத்திரங்களை, தூக்கியெடுத்து மறுபடி பயன்படுத்தியது பெரிய காரணம்.

பெய்லி போன்ற தட்டுப் பாலங்களை (இரும்புச் சட்டத் தட்டுகளை ஊசிகளால் இணைத்துப் போடும் தற்காலிகப் பாலங்களை) வைத்திருப்பவர்கள் அளவை நினைவில் கொள்ளுங்கள்: ஒரு தட்டு 10 அடி நீளம், சுமார் 260 கிலோ, ஆறு பேர் தூக்கலாம். கிடங்கில் தட்டுகள் இருந்தும் பாலம் போட முடியாமல் போவது பெரும்பாலும் சிறு பொருட்களால்தான். இணைப்பு ஊசிகள் குறைவாக இருக்கும், அல்லது கரையில் பாலத்தைத் தாங்கத் தளம் இராது. ஆண்டுக்கு ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

ஒப்பந்தப் படிவங்களை இப்போதே எழுதி ஒப்புதல் வாங்கி வைக்க வேண்டும். இயந்திர வாடகை விலை, எத்தனை மணி நேரத்தில் வந்து சேர வேண்டும், முன்கூட்டி முடித்தால் ஊக்கத்தொகை, தாமதத்துக்கு அபராதம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் இடிந்த சான்டா மோனிகா நெடுஞ்சாலைப் பாலங்களுக்கு 140 நாள் தரப்பட்டது, முன்கூட்டி முடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 2 லட்சம் டாலர் ஊக்கத்தொகை. 66 நாட்களில் முடிந்தது. அந்தச் சாலை ஒரு நாள் மூடியிருப்பதால் ஊருக்கு ஆகும் நட்டம் ஊக்கத்தொகையைவிடப் பெரிது என்பதே கணக்கு. உங்கள் முக்கியப் பாலங்களுக்கும் ஒரு நாள் மூடலின் நட்டத்தைத் தோராயமாகவேனும் இப்போதே கணக்கிட்டு வையுங்கள்.

டீசல், ஜெனரேட்டர்

100 பஸ், நாளுக்கு 200 கிலோமீட்டர், லிட்டருக்கு 4 கிலோமீட்டர்: நாளுக்கு 5,000 லிட்டர். 20,000 லிட்டர் தொட்டி என்றால் நான்கு நாள் என்று எழுதத் தோன்றும். அடியில் உள்ள கசடும் நீரும் காரணமாகக் கடைசி 5 முதல் 10 சதவீதத்தை எடுக்க முடியாது. பாதிப்பு வரும் நாளில் தொட்டி பாதிதான் இருக்கலாம். உண்மையில் கையில் இருப்பது இரண்டு நாளுக்கும் குறைவு. மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே இறங்கினாலே நிரப்பு என்பதை விதியாக்குங்கள்.

ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை சுமை இல்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவது சோதனை ஆகாது. அப்படி ஓட்டினால் எரியாத டீசல் புகைக்குழாயில் படிந்து, தேவைப்படும் நாளில் கோளாறு தரும். குறைந்தது 30 சதவீதச் சுமையில் 30 நிமிடம் ஓட வேண்டும். அது நிற்கும் இடத்தின் உயரத்தையும் பாருங்கள். தரைக்குக் கீழேயுள்ள தளத்தில் வைத்த ஜெனரேட்டர் வெள்ளத்தில் முதலில் போகும்.

பயணிகளிடம் சொல்வது

ஒரே இடத்திலிருந்து தகவல் வரட்டும். எது ஓடுகிறது, எது ஓடவில்லை, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. இந்த மூன்றாவதுதான் மக்களைப் பதற்றமில்லாமல் இருக்க வைக்கிறது. திறப்பு நேரத்தைத் தேதியோடு அறிவிக்குமுன் களத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். இரண்டு முறை தள்ளிப்போன தேதியை மூன்றாம் முறை யாரும் நம்புவதில்லை. பகுதியளவு திறப்பையும் அளவோடு சொல்லுங்கள். 2024 மார்ச் 26-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் கப்பல் மோதி கீ பாலம் விழுந்து துறைமுக வழி அடைபட்டபோது, 11 அடி ஆழ மாற்று வழி, பிறகு 14, 20, 35 என்று ஒவ்வொன்றாக அறிவித்து, ஜூன் 10 அன்று 50 அடி ஆழமுள்ள முழு வழியைத் திறந்தார்கள். எந்த அளவுக் கப்பல் எப்போது போகலாம் என்பதை ஒவ்வொரு கப்பல்காரரும் தானே முடிவுசெய்ய முடிந்தது. சாலைக்கு இதே வேலையை எடை வரம்பு செய்யும், ரயிலுக்கு ஓடும் நிலையங்களின் பட்டியல் செய்யும்.

ஒத்திகை

திட்டம் தடித்த புத்தகமாக இருந்தால் அன்று யாரும் திறக்கமாட்டார்கள். ஒவ்வொரு பதவிக்கும் ஒரு பக்க அட்டை: முதல் 1 மணி நேரத்தில் என்ன, 24 மணி நேரத்துக்குள் என்ன, யாரிடம் கேட்க வேண்டும், எதைக் கேட்காமலே செய்யலாம். அட்டையை நீர் புகாத உறையில் வைத்து வண்டியிலும் பணிமனையிலும் வீட்டிலும் ஒவ்வொன்று.

ஆண்டுக்கு இருமுறை மேசையைச் சுற்றி அமர்ந்து ஒத்திகை பாருங்கள். கணினியை அணைத்துவிட்டு, முக்கிய முடிவெடுப்பவரை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டுத் தொடங்குங்கள். தொலைபேசிப் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்னறிவிப்பின்றி இரவில் அழைத்துச் சோதியுங்கள். எடுக்காத எண்களுக்கு மறுநாளே மாற்று எண். வாடகைப் பஸ் தருவதாகக் கையெழுத்திட்ட ஒப்பந்ததாரரிடம், வேறு யாருக்கெல்லாம் இதே பஸ்களைத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரே 40 பஸ்ஸை மூன்று துறைகள் தம் கணக்கில் சேர்த்திருப்பது அப்போது தெரியவரும்.